நாலு டீமுக்கும் ஒரே முன்னோட்டம்

கீழப்பாறைக்குளத்தில் கிரிக்கெட் தெரியாதவர்கள் ரொம்பக் குறைவு. தெரிந்தவர்கள் அதைவிடக் குறைவு. அந்தக் குறைவான கூட்டத்துக்குத் தானே தலைவன் என்று ஆவுடையப்பன் உறுதியாக நம்பினான். வாட்டர் கேன் போடுவது அவன் தொழில். எந்த நாட்டு இருபது ஓவர் லீக் ஆனாலும் ராத்திரி பகல் பாராமல் பார்ப்பான். யார் ஜெயிப்பார்கள் என்று முதல் பந்துக்கு முன்னாலேயே சொல்லிவிடுவான். அந்த டீம் தோற்றுவிட்டால், "நான் சொன்னது சரிதாம்ல, அவனுவதான் தப்பா ஆடிட்டானுவ" என்பான்.

இதை வேதவாக்காகக் கேட்டுக்கொள்ள அவனுக்கு இரண்டு கூட்டாளிகள்: சொரிமுத்துவும் பாக்கியநாதனும். மூன்று பேரும் ஒன்றாகப் படித்தவர்கள். ஒன்றாகவே படிப்பை நிறுத்தியவர்கள்.

அந்த வருஷம் ஊரிலேயே ஒரு பிரீமியர் லீக் ஆரம்பித்தார்கள். பத்து ஓவர் ஆட்டம். நாலு முதலாளிகள், நாலு டீம்: லாலாக்கடை லயன்ஸ், ரைஸ்மில் ராக்கர்ஸ், பாத்திரக்கடை பேந்தர்ஸ், செங்கல்சூளை சிங்கங்கள். லயனும் சிங்கமும் ஒன்றுதானே என்று யாரும் கேட்கவில்லை. லாலாக்கடைக்காரர் கேட்க நினைத்தார், ஆனால் சூளைக்காரர் அவருடைய சம்பந்தி.

ஊர் கேபிள் டி.வி. நடத்தும் ஞானதிரவியம் அண்ணாச்சி, ஆவுடையப்பனைக் கூப்பிட்டனுப்பினார். வழக்கமாகப் பேசுகிற பி.டி. வாத்தியாருக்குத் தொண்டை கட்டிவிட்டது.

"ஆவுடை, போட்டிக்கு முந்தின நாள் சாயங்காலம் மைதானத்துலேருந்து நேரலை. நாலு டீமுக்கும் நீதான் முன்னோட்டம் குடுக்கணும். சும்மா மேலோட்டமா இருக்கக் கூடாது. ஒவ்வொரு டீமையும் நல்லா அலசு. பலம் என்ன, பலவீனம் என்னன்னு எடை போட்டுப் பாரு. கடைசியில யாரு கை ஓங்கியிருக்குன்னு சொல்லிரு. அவ்வளவுதான்."

ஆவுடையப்பனுக்குக் கண் கலங்கிவிட்டது. வாழ்நாள் முழுக்க டி.வி.யைப் பார்த்துப் பேசியவன், இப்போது டி.வி.க்குள்ளிருந்தே பேசப் போகிறான். வீட்டுக்குப் போனதும் மனைவி செண்பகவடிவிடம் சொன்னான். அவள் தெருவுக்கே சொல்லிவிட்டு, புளியங்குடியிலிருந்து தன் அப்பாவையும் வரவழைத்துவிட்டாள். மருமகன் உருப்பட மாட்டான் என்று கல்யாணப் பந்தலிலேயே சொன்ன மனிதர் அவர். ஆகவே இதில் தவறு நடக்கவே கூடாது.

மூன்று பேரும் டீக்கடையில் கூடி ஆலோசித்தார்கள்.

"மேலோட்டம்னா மேல ஓடுறது. முன்னோட்டம்னா முன்னால ஓடுறது. அண்ணாச்சி தெளிவாத்தான் சொல்லுதாரு" என்றான் ஆவுடையப்பன்.

"எதுக்கு மேல?" என்று கேட்டான் சொரிமுத்து.

"டீமுக்கு மேலதாம்ல. மிதிச்சுக்கிட்டு ஓடினா அவங்களுக்கு வலிக்கும்லா. அதான் வேண்டாங்காரு."

"தங்கமான மனுஷன்" என்றான் பாக்கியநாதன்.

ஓட்டத்தைக் கடைசியில் வைத்துக்கொண்டு, முதலில் அலசலை முடித்துவிடுவது என்று தீர்மானம் ஆயிற்று. ஆனால் டீமை எப்படி அலசுவது? ஆளை அலசினால் குளிப்பாட்டுவது ஆகிவிடும். சட்டையை அலசினால்தான் அலசல். நாலு டீம் சட்டைகளும் புதுசாக வந்து, கேபிள் ஆபீசில் நாலு மூட்டையாகக் கிடந்தன. மஞ்சள், சிவப்பு, நீலம், வெள்ளை.

"தனித்தனியா அலசணுமா, மொத்தமாவா?" என்று கேட்டான் பாக்கியநாதன்.

"நாலையும் ஒப்பிட்டுல்லா பாக்கணும். ஒண்ணாப் போடு" என்றான் ஆவுடையப்பன்.

கல்யாண அண்டா ஒன்றில் வெந்நீர் வைத்து, நாலு மூட்டையையும் கொட்டி, துடுப்பால் கிண்டினார்கள். ரொம்ப ஆழமான அலசல். வெளியே எடுத்தபோது எல்லாச் சட்டையும் கத்தரிக்காய் வத்தல் நிறத்தில் இருந்தது.

"இப்பம்தான் நாலு டீமும் சம பலம்" என்றான் சொரிமுத்து திருப்தியாக. காயவைத்து, மடித்து, பழையபடி மூட்டை கட்டினார்கள்.

அடுத்தது எடை. ஆட்டக்காரர்கள் எல்லோரையும் ரைஸ்மில்லுக்கு வரச்சொல்லி, நெல் மூட்டை போடும் தராசில் ஏற்றினார்கள். டி.வி. நிகழ்ச்சிக்கு என்று சொன்னதால் அவர்களும் தலைசீவி, பவுடர் போட்டுக்கொண்டு வந்து ஏறினார்கள்.

எல்லாம் முடிந்த பிறகு பாக்கியநாதனுக்கு ஒரு சந்தேகம். "பலம் கிலோவுல வந்துட்டு. பலவீனம் எதுல வரும்?"

மூன்று பேரும் வெகுநேரம் யோசித்தார்கள். கடைசியில் ஆவுடையப்பன் முகம் மலர்ந்தது. "சாப்பிட்டுட்டு வந்தா பலம். சாப்பிடாம வந்தா பலவீனம். நாளைக்கு எல்லாரும் பட்டினியா வாங்க. இன்னொரு தடவை போட்டுருவோம்."

மறுநாள் நாலு டீமும் வெறும் வயிற்றோடு வந்து எடை போட்டுக்கொண்டு, நேராக மைதானத்துக்குப் போனது. நிகழ்ச்சி முடிகிறவரை யாரும் எதுவும் தின்னக் கூடாது, எடை மாறிவிடும் என்று ஆவுடையப்பன் கண்டிப்பாகச் சொல்லிவிட்டான்.

சாயங்காலம் அண்ணாச்சி தன்னுடைய புது செல்போனையே கேமராவாகக் கொடுத்தார். "பாக்கியம், கேமரா ஆவுடை மேலயே இருக்கணும். அங்கிட்டு இங்கிட்டுத் திருப்பிராத" என்று சொல்லிவிட்டு, ஆபீசில் உட்கார்ந்து பார்க்கப் போனார்.

பாக்கியநாதன் கேமராவை ஆவுடை மேல் வைத்தான். விழாமல் இருக்கத் துண்டால் முதுகோடு சேர்த்து இறுக்கிக் கட்டினான். முன்பக்கம் மைக் இருந்ததால் அங்கே இடமில்லை.

ஆகவே ஊரார் டி.வி.யில் ஆவுடையப்பனின் குரலைக் கேட்டார்கள். அவன் பின்னால் இருந்த வேப்பமரத்தைப் பார்த்தார்கள்.

"வணக்கம். ரைஸ்மில் ராக்கர்ஸ், சாப்பிட்டால் ஒன்பது மூட்டை. சாப்பிடாவிட்டால் எட்டே முக்கால். ஆக, இந்த டீமின் பலத்துக்கும் பலவீனத்துக்கும் நடுவே உள்ள வித்தியாசம் இட்லி மட்டுமே."

வீட்டில் மாமனார் வேப்பமரத்தை உற்றுப் பார்த்து, "மாப்பிள்ளை கொஞ்சம் கறுத்துட்டாரோ?" என்றார்.

அந்த நேரத்தில்தான் மைதானத்தில் சட்டை மூட்டைகளைப் பிரித்தார்கள். நாலு மூட்டையிலும் ஒரே நிறம். பிறகு ரைஸ்மில் கேப்டன் எசக்கிதுரை கத்தரிக்காய் வத்தல் ஒன்றைக் கையில் பிடித்தபடி வந்தான். காலையிலிருந்து பச்சைத்தண்ணீர் தவிர ஒன்றும் காணாத ஆள்.

"எங்க சட்டையை என்னல பண்ணின?" என்று கையை ஓங்கினான்.

ஆவுடையப்பன் மைக்கில் அறிவித்தான்: "நேயர்களே, இப்போதைக்கு ரைஸ்மில் ராக்கர்ஸ் கைதான் ஓங்கியிருக்கிறது."

அதற்குள் மற்ற மூன்று டீமும் வந்து சேர்ந்தது.

"ஒரு சின்னத் திருத்தம். நாலு டீம் கையும் ஓங்கியிருக்கிறது. போட்டி கடுமையாக இருக்கும்."

"ஆவுடை, முன்னோட்டம் பாக்கி இருக்குல!" என்று சொரிமுத்து நினைவூட்டினான்.

ஆவுடையப்பன் ஓடினான். நாலு டீமும் பின்னால் ஓடியது. முதுகில் இருந்த கேமரா எல்லாவற்றையும் காட்டியது. ஊர் இப்படி ஒரு நிகழ்ச்சியைப் பார்த்ததில்லை. பஜார், பஸ் ஸ்டாண்ட், தேரடி என்று படம் குலுங்கிக் குலுங்கிப் போக, கூடவே மூச்சிரைக்கும் குரல்: "சிங்கங்கள்... நல்ல வேகம்... பேந்தர்ஸ்ல ரெண்டு பேருக்கு... இப்பமே மூச்சு வாங்குது... பவுண்டரிக்கு விரட்ட மாட்டானுவ... லயன்ஸ்ல ஒருத்தன் கல்லை எடுத்துட்டான்... எறி நேரா வருது... நல்ல பீல்டர்... அம்மா!"

மாமனார் எழுந்து நின்று கைதட்டினார்.

பெரிய வாய்க்கால் குறுக்கே வந்தது. முன்னால் ஓடுகிறவன் நிற்கக் கூடாது என்று ஆவுடையப்பன் குதித்தான். டி.வி.யில் கொஞ்ச நேரம் பாசி தெரிந்தது. பிறகு அதுவும் தெரியவில்லை.

துரத்தியவர்களுக்கு அடிக்கத் தெம்பில்லை. கரையில் உட்கார்ந்து இளைப்பாறிவிட்டு சாப்பிடப் போனார்கள். மறுநாள் எல்லோரும் ஒரே நிறச் சட்டையில் ஆடினார்கள். சிங்கங்களின் விக்கெட் கீப்பர் எதிர் டீம் வரிசையில் நின்று பேட்டிங்கும் செய்துவிட்டுப் போனதை யாருமே கவனிக்கவில்லை.

செல்போன் மட்டும் பிழைக்கவில்லை. அண்ணாச்சி ஆடித் தீர்த்துவிட்டார். "இனிமே நீ என் கண்ணு முன்னாடி வந்தே, தொலைச்சுப்புடுவேன்!"

ஆவுடையப்பனுக்கு ரொம்ப வருத்தம். அண்ணாச்சியிடம் மன்னிப்புக் கேட்காமல் சோறு இறங்காது. மூன்று பேரும் மறுபடி டீக்கடையில் கூடினார்கள்.

"முன்னாடிதான வரக் கூடாதுன்னாரு?" என்றான் பாக்கியநாதன். "பின்னாடி?"

அன்றிலிருந்து அண்ணாச்சி எங்கே போனாலும் ஆவுடையப்பன் அவர் முதுகுக்குப் பின்னால் போனான். அவர் திரும்பினால் இவனும் சுற்றிக்கொண்டு திரும்பினான். யாரோ "மன்னிச்சிருங்க" என்று சொல்வது மட்டும் அவருக்குக் கேட்டுக்கொண்டே இருந்தது. காதில் கோளாறு என்று நினைத்துக் கோயிலுக்கு நேர்ந்துகொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை அவர் முகம் மழிக்கச் சலூனில் உட்கார்ந்தார். எதிரே ஆளுயரக் கண்ணாடி. பின்னால் நின்ற ஆவுடையப்பன் அதில் பளிச்சென்று தெரிந்தான். அண்ணாச்சி பாதி சோப்போடு அலறினார்.

வாசலில் நின்ற சொரிமுத்து பதறினான். "ஏல, நீ அவருக்கு முன்னாடி வந்துட்டே!"

"நாற்காலியைத் திருப்பு!" என்றான் பாக்கியநாதன். அண்ணாச்சியோடு சேர்த்து நாற்காலியை மறுபக்கம் திருப்பினார்கள். ஆவுடையப்பனும் ஓடிப்போய் அவருக்குப் பின்னால் நின்றான். அந்தப் பக்கச் சுவரிலும் ஒரு கண்ணாடி. இரண்டு கண்ணாடிக்கும் நடுவில் ஒன்றுக்குள் ஒன்றாக, கண்ணுக்கு எட்டிய தூரம்வரை வரிசையாக ஆவுடையப்பன்கள் நின்றார்கள்.

ஆவுடையப்பனுக்குக் கோபம் வந்துவிட்டது.

"எலே, அண்ணாச்சி முன்னாடி ஏம்ல இத்தனை பேரு வந்து நிக்கிய? எல்லாரும் பின்னாடி போங்கல!" என்று கையை நீட்டி விரட்டினான்.

பிறகு சொரிமுத்துவிடம் திரும்பி, ஆற்றாமையோடு சொன்னான்:

"திமிரைப் பாத்தியால? அத்தனை பயலும் என்னையப் போகச் சொல்லுதானுவ."