பாதி டம்ளர் டீ

சின்னப் பள்ளிக்கூடம் அது. மூன்று வகுப்பறை, ஒரு வராந்தா, மூன்றே ஆசிரியர்கள். நாலு மணிக்கு மணி அடித்ததும் ஒன்றாம் வகுப்பும் இரண்டாம் வகுப்பும் வீட்டுக்கு ஓடிவிடும். மற்ற இருபத்தாறு பிள்ளைகளும் போக மாட்டார்கள். ஐந்து மணிவரை மன்றம்.

பன்னிரண்டு வருஷமாக அங்கே இருந்தது ஒரே மன்றம்தான், சங்கரநயினார் சாரின் கதை மன்றம். இருபத்தாறு பையும் அவர் அறை வாசலில்தான் கிடக்கும். மனுஷனுக்கு அதில் எவ்வளவு பெருமை என்கிறீர்கள்! வீட்டுக்காரி கூட, "உங்க கதையக் கேக்க அங்கயாவது ஆள் இருக்கே" என்பாள்.

இந்த ஜூனில் ஜெபராணி வந்தாள். தற்காலிக ஆசிரியை, இருபத்து நாலு வயசு. வந்த வாரமே பக்கத்து அறையில் தாள மன்றம் என்று ஒன்றைத் தொடங்கினாள். பெயிண்ட் வாளி, எண்ணெய் டின், உடைந்த பிளாஸ்டிக் குடம் எல்லாம் அங்கே மேளமாகிவிட்டது.

மாதத்தின் முதல் திங்கட்கிழமை காலையில் வந்ததும் பிள்ளைகள் எந்த அறை வாசலில் பையை வைக்கிறார்களோ, அந்த மாதம் முழுக்க அவர்களுக்கு அந்த மன்றம். யாரும் யாரையும் கூப்பிடக் கூடாது. ஐந்து பைக்குக் கீழே போனால் மன்றத்தையே மூடிவிட வேண்டும். இந்தச் சட்டத்தைப் போட்டவர் தலைமை ஆசிரியை உலகம்மாள்.

அவர் சாரைவிட மூன்று வயது இளையவர். ஆனாலும் பிள்ளைகளுக்கு அவர்தான் பெரிய டீச்சர். சாருக்கும் அப்படித்தான். மனசில் எது குடைந்தாலும் அவர் முன்னால் போய் நிற்பார். பெரிய டீச்சர் லேசில் பதில் சொல்ல மாட்டார், ஏதாவது ஒன்றைச் செய்து வைப்பார். சார் அதை வைத்துக்கொண்டு இரண்டு நாள் மண்டையை உடைத்துக்கொள்வார்.

ஜூனில் சார் வாசலில் பதினேழு பை. ஜூலையில் பன்னிரண்டு. ஆகஸ்டில் எட்டு. செப்டம்பரில் ஆறு.

வயிறு எரிந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் டிம் டிம் என்று கேட்கும்போதெல்லாம், தன் தலையிலேயே அடிக்கிற மாதிரி இருந்தது அவருக்கு. "நேத்துப் பேஞ்ச மழையில இன்னிக்கு மொளச்ச காளான்" என்று ஜெபராணியைத் திட்டுவார். மனசுக்குள்தான்.

மணி அடிக்கிற வேலை சாருடையது. வராந்தாவில் அவர் அறைக்கு நேர் எதிரே ஒரு தண்டவாளத் துண்டு தொங்கும். சுத்தியல் அவர் மேஜையில் இருக்கும். ஜூலையில் ஒரு நாள் பக்கத்து அறையில் தாளம் உச்சத்துக்குப் போய்க்கொண்டிருந்தது. சார் கதையைப் பாதியில் நிறுத்திவிட்டு எழுந்தார். ஐந்து மணிக்கு இன்னும் ஐந்து நிமிஷம் இருந்தது. போய் அடித்துவிட்டார்.

தாளம் பொட்டென்று நின்றது. "அய்யோ!" என்று அத்தனை பிள்ளைகளும் கத்தினார்கள். சாருக்கு அது சர்க்கரைப் பொங்கலாக இனித்தது.

மறுநாள் பத்து நிமிஷம் முன்னால் அடித்தார். ஆகஸ்டில் அது நாலே முக்கால் ஆயிற்று. ஜெபராணி சின்னப் பெண், பெரியவரிடம் என்ன கேட்பாள்? வாளிகளை அடுக்கி வைத்துவிட்டுப் போய்விடுவாள். மறுநாள் சார் கதையைத் தொடங்கும்போது பக்கத்தில் மேளமும் தொடங்கும். அவர் காது அங்கே போய்விடும், விட்ட இடம் மறந்துவிடும். சரி போகட்டும் என்று வேறு கதை எடுப்பார்.

செப்டம்பர் கடைசி வாரம், செவ்வாய்க்கிழமை. நாலாம் வகுப்புப் பேச்சியம்மாள் பையை மாட்டிக்கொண்டு அவர் முன்னால் வந்து நின்றாள். மூன்றாம் வகுப்பில் சேர்ந்த நாளிலிருந்து கதை மன்றத்தை விட்டு நகராதவள்.

"சார், திங்கக்கெழம நான் பைய அங்க வைக்கப் போறேன்."

"ஏட்டி, நீயுமா?"

"சுடலியும் வாரேன்னா. முகிலனும் வாரான்."

ஏன் என்று சார் கேட்கவில்லை. கேட்பானேன்? எல்லாம் அந்தப் பாழாய்ப் போன வாளிச் சத்தம்தான். ஆறில் மூன்று போனால் மூன்று. திங்கட்கிழமையோடு பன்னிரண்டு வருஷத்துக் கதை மன்றம் முடிந்தது.

புதன்கிழமை மூன்று மணி இடைவேளையில் பெரிய டீச்சரிடம் போனார்.

"டீச்சர், அந்த மேளத்த நிப்பாட்டச் சொல்லுங்க."

"ஏன் சார்?"

"எம் பிள்ளைங்கள எல்லாம் அவ இழுத்துட்டுப் போறா. நீங்க பாத்துக்கிட்டுத்தான் இருக்கீங்க. பிள்ளைங்க எங்கிட்டத் திரும்பி வர நான் என்ன செய்யணும்னாவது சொல்லுங்க."

பெரிய டீச்சர் பிளாஸ்கைத் திறந்து இரண்டு டம்ளரில் டீ ஊற்றினார். ஒன்றைச் சாரிடம் நீட்டினார். இன்னொன்றைத் தட்டால் மூடி ஓரமாக வைத்தார்.

"அது யாருக்கு?"

"ஜெபராணிக்கு."

இதுவுமா என்று சாருக்குச் சுருக்கென்றது. டீ என்னவோ நன்றாக இருந்தது, இஞ்சி தட்டிப் போட்டது. மூன்று வாய் குடித்திருப்பார். பெரிய டீச்சர் சுவர்க் கடிகாரத்தை நிமிர்ந்து பார்த்தார்.

"மணியாச்சு சார்" என்று சொல்லி, அவர் கையிலிருந்த டம்ளரை வாங்கி, மிச்ச டீயை ஜன்னலுக்கு வெளியே ஊற்றிவிட்டார்.

கடிகாரத்தில் இடைவேளை முடிய இன்னும் எட்டு நிமிஷம் இருந்தது. சார் திருதிருவென்று விழித்தார். மூடி வைத்த டம்ளர் மூடியபடியே இருந்தது.

வியாழக்கிழமையும் அதே கதைதான். ஊற்றிக் கொடுத்தார், சார் அவசர அவசரமாக ஊதிக் குடித்தார். பாதியில், "மணியாச்சு சார்." டம்ளர் போயிற்று. வெந்த நாக்குதான் மிச்சம். 'என்ன கொழுப்பு! அவளுக்கு முழு டம்ளர், எனக்குப் பாதியா?' என்று மனசுக்குள் பொருமிக்கொண்டே வெளியே வந்தார்.

வெள்ளிக்கிழமை பெரிய டீச்சர் டம்ளரை நீட்டியதும் சார் கையைக் கட்டிக்கொண்டார்.

"எனக்கு வேண்டாம் டீச்சர்."

"ஏன், டீ நல்லா இல்லியா?"

"நல்லாத்தான் இருக்கு. பாதியில புடுங்குறதுக்கு எதுக்குக் குடுக்கணும்? அதுக்குக் குடிக்காமலே இருந்திரலாம்."

பெரிய டீச்சர் டம்ளரைக் கீழே வைத்தார்.

"பேச்சியும் இதத்தான் சொன்னா."

"எந்தப் பேச்சி?"

"நம்ம பேச்சிதான். ஏன்ட்டி கதைக்குப் போகலேங்கேன்னு கேட்டேன். மழையத் தேடிப் போன தவளை, பாம்பு வாய்கிட்ட நின்னு மூணு வாரமாச்சாம். பொழச்சுதா இல்லையான்னு யாரும் சொல்ல மாட்டேங்காங்களாம்."

சார் கட்டியிருந்த கையை இறக்கினார்.

"மேளம் பாதியில நின்னா வீட்டுக்குப் போற வழியெல்லாம் தொடையில தட்டிக்கிட்டே போயிரலாமாம். கதைய வழியில யாரு முடிப்பாங்கன்னு கேக்கா."

சாருக்கு முகத்தை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. அவருடைய கண் சுவர்க் கடிகாரத்துக்குப் போயிற்று. ஐந்து மணிக்கு முன்னால் அவர் அடித்த ஒவ்வொரு மணியையும் இந்த நாற்காலியில் உட்கார்ந்து கேட்டிருக்கிறார் இந்த அம்மாள்.

"பொறாமைதான் டீச்சர்" என்றார் கடைசியில். "அவளுக்குச் சகுனத் தடையாகட்டும்னு எம் மூக்க நானே அறுத்துக்கிட்டேன்."

பெரிய டீச்சர் கையை நீட்டினார்.

"சுத்தியலக் கொண்டாந்து இங்க வச்சிட்டுப் போங்க. இனிமே மணிய நான் அடிக்கேன். தவள என்னாச்சுன்னு பிள்ளைங்களுக்குச் சொல்லுங்க."

அன்று நாலு மணிக்குச் சார் ஆறு பிள்ளைகள் முன்னால் உட்கார்ந்தார். பக்கத்து அறையில் டிம் டிம் தொடங்கியது. அவர் காது அங்கேதான் ஓடியது. அதை இழுத்துப் பிடித்துக் கதைக்குக் கொண்டுவந்தார்.

"தவள எங்க நின்னுச்சு?"

"பாம்பு வாய்கிட்ட!" என்று ஆறு பேரும் கத்தினார்கள்.

தவளை பாம்பிடம் பேச்சுக் கொடுத்தது. பாம்புக்கும் தாகம் என்று தெரிந்தது. இரண்டும் மழையைத் தேடிச் சேர்ந்து போயின. வழியில் இரண்டு தடவை பாம்புக்குப் பசித்தது, இரண்டு தடவையும் தவளை தப்பித்தது. முதல் துளி விழும்போது தவளை பாம்பின் தலைமேல் உட்கார்ந்திருந்தது. கதை முடிந்தது. அப்புறமும் மணி அடிக்கவில்லை. பேச்சியம்மாள், "பெறகு?" என்றாள். அதற்கும் நேரம் இருந்தது.

திங்கட்கிழமை காலை வந்தது. சார் வராந்தாத் தூணுக்குப் பின்னால் நின்று பார்த்தார். பேச்சி அவர் வாசலில் பையை வைத்தாள். சுடலி வைத்தாள். முகிலன் அங்கேயும் இங்கேயும் பார்த்துவிட்டு வைத்தான். மொத்தம் ஆறு பை. கூடவும் இல்லை, குறையவும் இல்லை. மன்றம் பிழைத்தது.

சாருக்குக் கண் கலங்கிவிட்டது. கலங்கிய கண்ணோடு அந்த மனுஷன் என்ன செய்தார் தெரியுமா? பக்கத்து வாசலில் கிடந்த பைகளையும் எண்ணினார்.

மூன்று மணிக்குப் பெரிய டீச்சர் முன்னால் போய் நின்றார்.

"ஆறு பேரும் இருக்காங்க டீச்சர்."

"பாத்தேன்."

"ஆனா அங்க இருபது." கொஞ்சம் தயங்கினார். "தப்புன்னு தெரியுது. தெரிஞ்சும் எரியுது டீச்சர். நான் என்ன செய்ய?"

பெரிய டீச்சர் பிளாஸ்கைத் திறந்தார். ஒரு டம்ளரில் விளிம்புவரை ஊற்றிச் சார் கையில் கொடுத்தார். இன்னொன்றில் அதே அளவு ஊற்றித் தட்டால் மூடி ஓரமாக வைத்தார். இன்றைக்குக் கடிகாரத்தைப் பார்க்கவில்லை, கையையும் நீட்டவில்லை.

சார் டம்ளரைப் பிடித்தபடி நின்றார். அவர் கண் மூடி வைத்திருந்த டம்ளர் மேலேயே இருந்தது.

"சார்" என்றார் பெரிய டீச்சர். "அந்த டம்ளரையே பாத்துக்கிட்டு நின்னா, உங்க டீ ஆறிப் போயிரும்."