மொட்டையன் பேர்ல ரெண்டு ஆறு

மூணு ஆறு ஓடுற ஒரு சீமை. அந்தச் சீமையில ஒச்சாயின்னு ஒரு பரிசல்காரி இருந்தா. அவ பரிசல் விட்ட ஆத்துக்குப் பேரு நல்லக்கா ஆறு. வெள்ளத்துல தவிச்ச ஊரையே கரை சேத்த ஒரு மகராசியோட பேரு அது. அதனால பரிசல்ல ஏறுறவங்க ஒரு கை தண்ணி அள்ளி, "நல்லக்கா, கரை சேத்துரு"ன்னு சொல்லிட்டுத்தான் காலை வைப்பாங்க. சொல்லாம எவனும் ஏற மாட்டான்.

அந்தச் சீமைக்கு ராசா சூரக்கண்டன். அவனுக்குப் பேரு மேல அப்படி ஒரு வெறி. தெருவுக்கு அவன் பேரு, குளத்துக்கு அவன் பேரு, பட்டத்து யானைக்கும் அவன் பேரு. யானையைக் கூப்பிட்டா ராசா திரும்பிப் பாப்பான். சிரிக்காதீங்க, கேளுங்க. ஒருநாள் தண்டோரா போட்டுட்டான்: "நல்லக்கா ஆறு, கல்லாறு, நாணலாறு, மூணுக்கும் இனிமே சூரக்கண்டனாறுன்னுதான் பேரு! பழைய பேரைச் சொன்னா மொட்டை! ராசாவே சொன்னாலும் மொட்டை!"

மறுநாளே பழக்க தோஷத்துல ஒச்சாயி சொல்லிட்டா. அடிச்சாங்க மொட்டை. "மறுபடி சொன்னா பரிசலைக் கொளுத்திருவோம்"னாங்க. அப்புறம் என்ன, பேரைச் சொல்லவும் பயம், சொல்லாம ஏறவும் பயம், சனம் பரிசல் பக்கமே வரலை. ஒச்சாயி வீட்டு அடுப்புல பூனை தூங்குச்சு. "என் பொழப்புல மண்ணைப் போட்டுட்டானே பாவி"ன்னு அழுதா.

அப்புறம் ராசாவுக்குக் கல்யாணம் வந்துச்சு. "முகூர்த்தம் சூரக்கண்டனாத்தங்கரையில"ன்னு ஊரெல்லாம் ஓலை விட்டான். அவன் நல்லக்கா ஆத்தங்கரைக்கு வந்து மாலையும் கழுத்துமா நின்னான். பொண்ணைக் காணோம், சமையல்காரங்களைக் காணோம், முகூர்த்தமோ நெருங்குது.

"ஏ பரிசல்காரி, பொண்ணு வீட்டுக்காரங்க எங்க போனாங்க?"

"சூரக்கண்டனாத்துக்குப் போனாங்க ராசா."

"இதானே அது!"

"ஆமா ராசா, இதுவும்தான்."

"அப்போ வேற எது?"

"சூரக்கண்டனாறு, ராசா."

"சொல்லித் தொலையேன்டி, எது?"

"சூரக்கண்டனாறுதான் ராசா. உங்க சட்டத்தை நான் மீறுவேனா?"

ராசாவுக்கு வந்துச்சு பாருங்க கோவம்! "அறிவு கெட்டவளே, கல்லாறா, நாணலாறா?"

பழைய பேரு ரெண்டும் ராசா வாயிலேயே வந்துருச்சு! காவக்காரன் ராசா தலையைப் பாத்துக்கிட்டே, "ராசாவே சொன்னாலும்..."னு இழுத்தான். ஊரே பாக்குது, ராசா என்ன பண்ணுவான்? கல்யாணத்துக்கு வந்த நாவிதரே கத்தியைத் தீட்டினாரு.

மொட்டையோட கல்லாத்துக்கு ஓடினான். அங்க பாயசம் மட்டும் கொதிச்சுக்கிட்டு இருந்துச்சு. அங்கேருந்து நாணலாத்துக்கு ஓடினான். அங்க பொண்ணு இருந்தா, முகூர்த்தம் போயிருச்சு. அவ மொட்டையைப் பாத்தா, விழுந்து விழுந்து சிரிச்சா, வண்டியைத் திருப்பச் சொல்லிட்டா.

பசியும் பட்டினியுமா, சுருக்கு வழியில அரண்மனைக்குப் போக ஒச்சாயிகிட்டயே வந்து நின்னான் ராசா. "ஏத்திக்க தாயி."

"ஏறுறவங்க என்ன சொல்லணும் ராசா?"

தலையைத் தடவிப் பாத்தான். இனிமே மழிக்க ஒண்ணும் இல்லை. ஒரு கை தண்ணி அள்ளி, "நல்லக்கா, கரை சேத்துரு"ன்னான்.

சட்டம் அன்னைக்கே போச்சு, ஒச்சாயி வீட்டு அடுப்பும் எரிஞ்சுச்சு. ராசா மொட்டையோட ஓடின மத்த ரெண்டு ஆத்தையும் மட்டும் சனங்க இன்னைக்கும் மொட்டையனாறுன்னுதான் கூப்பிடுறாங்க. ஆத்துக்குத் தன் பேரு வேணும்னு கேட்டானே, கெடச்சுதா இல்லையா?

கதை கரை சேந்தாச்சு, பாத்து எறங்குங்க கண்ணுகளா.