பெருச்சாளி கூட்டிய வாசல்

பூவாத்தா என்ற சுண்டெலி, ஒரு மரத்தின் வேருக்கடியில் இருந்த தன் வளையின் வாசலில் சருகு பரப்பிக்கொண்டிருந்தது. பைன் மரத்துச் சருகு. ஊசி ஊசியாக, செம்பழுப்பு நிறத்தில் இருக்கும். காற்று ஒதுக்கித் தள்ளியதை முன்னங்கால்களால் இழுத்து இழுத்து, மணல் தெரிந்த இடத்தையெல்லாம் மூடியது. வளைக்குள்ளே, பிறந்து நாலு நாளான ஐந்து குட்டிகள் தூங்கின. அவை எழுவதற்குள் வேலையை முடிக்க வேண்டும்.

அது ஒரு மலைச்சரிவு. மரங்கள் வானத்தைத் தொடும். மண்ணோ ஒரு சாண்தான்! அதற்குக் கீழே எங்கே பார்த்தாலும் கருங்கல் பாறை. அந்தப் பாறையே வெயிலிலும் பனியிலும் உதிர்ந்து உதிர்ந்து, மேலே பருமணலாகக் கிடந்தது. அள்ளினால் விரலிடுக்கில் ஓடிவிடும்.

"என்ன தங்கச்சி இது!" என்று பின்னால் ஒரு குரல் கேட்டது.

பூவாத்தா திடுக்கிட்டுத் திரும்பியது. பெருச்சாளி மொக்கையன் நின்றுகொண்டிருந்தது. காய்கறி லாரியில் வெறும் சாக்குக்குள் தூங்கிப்போய், தெரியாமல் மலைக்கு வந்து சேர்ந்த பெருச்சாளி அது. வந்து மூன்று நாள்தான் ஆகிறது. அதற்குள் காடு முழுவதும் அதன் பேச்சுதான்.

"ஊர் உலகத்துல எல்லாரும் காலையில எந்திரிச்சு வாசலைக் கூட்டுவாங்க. நீ என்னடான்னா குப்பையைக் கொண்டுவந்து வாசல்ல கொட்டுற!"

"இல்லண்ணே... இது வந்து..."

"என்ன வந்து, போயி? வயித்துக்குள்ளேயே பேசினா யாருக்குக் கேக்கும்?"

யாராவது நேருக்கு நேர் பேசினாலே பூவாத்தாவுக்கு மீசை நடுங்கும். சொல்ல வந்ததை விழுங்கிக்கொண்டு வளைக்குள் நுழைந்துவிட்டது.

அன்று மத்தியானமே மொக்கையன் கூட்டம் போட்டது. முயல் சடைச்சி வந்தது. முள்ளம்பன்றி முள்ளன் வந்தது. காட்டுக்கோழிகள் வந்தன. பூவாத்தாவும் வந்து ஒரு வேரின் ஓரமாக உட்கார்ந்தது.

"மழைக்காலம் வருது. நீங்க எல்லாம் இன்னும் வேருக்கடியில ஒண்டிக்கிட்டுக் கிடக்கிறீங்க!" என்றது மொக்கையன். "எங்க ஊரு வரப்புல என் வளை எத்தனை ஆழம் தெரியுமா? ஆள் உயரம்! உள்ளே மூணு அறை!"

"மூணா!" என்று வாயைப் பிளந்தது சடைச்சி.

"இங்கேயும் அப்படி ஒண்ணு தோண்டுவோம். மழைக்கு எல்லாரும் உள்ளே சௌக்கியமா இருக்கலாம். ஆனா முதல்ல இந்தக் குப்பையைக் கூட்டித் தள்ளணும். பார்க்கவே சகிக்கலை!"

பூவாத்தா வேரைவிட்டு ஒரு அடி முன்னால் வந்தது. சருகு போனால் தன் மரத்தடி மண்ணும் போய்விடுமே! குட்டிகளை எங்கே கொண்டுபோவது?

"அது குப்பை இல்லண்ணே. மண்ணுக்குப் போர்வை. கீழே பாறை..." என்றது மெதுவாக.

"யாரது, கொசுவா?" என்று கேட்டது மொக்கையன்.

எல்லாம் சிரித்தன. பூவாத்தா தலையைக் குனிந்துகொண்டது. இன்னொரு தரம் சொல்லலாம் என்று வாயைத் திறந்தது. சிரிப்பு ஓயாததைப் பார்த்து, வளைக்கே திரும்பிப் போய்விட்டது.

மறுநாள் கூட்ட ஆரம்பித்தன. காட்டுக்கோழிகள் கால்களால் வாரி இறைத்தன. சடைச்சி பின்னங்கால்களால் தள்ளியது. மூன்றே நாளில் சரிவு முழுவதும் மொட்டை அடித்த தலை மாதிரி ஆனது. சருகெல்லாம் கீழே பள்ளத்தில் குவிந்து கிடந்தது.

"பார்த்தீங்களா! கல்யாண வீடு மாதிரி இருக்கு!" என்று மொக்கையன் மார்தட்டியது. உடனே தோண்டவும் இறங்கியது. மணல் பின்னால் பறந்தது.

ஒரு சாண் போனதும், டக்! பல்லில் இடித்தது.

"என்னண்ணே, அறை வந்துடுச்சா?" என்று ஆசையாக எட்டிப் பார்த்தது சடைச்சி.

"சும்மா இரு! ஏதோ ஒரு கல்லு. கொஞ்சம் தள்ளித் தோண்டுவோம்."

அங்கேயும் டக்! மேலே தோண்டினால் டக்! கீழே தோண்டினால் டக்! பதினோரு குழி தோண்டியும் ஒரு சாணுக்கு மேல் ஒன்றுகூட இறங்கவில்லை. மொக்கையனின் முன்பல் மழுங்கியதுதான் மிச்சம்.

"இந்த மலையில மண்ணை எவனோ களவாண்டுட்டுப் போயிட்டான்!" என்று கத்தியது.

அப்போதுதான் மழை வந்தது.

முன்பெல்லாம் மழை சருகின்மேல் விழும். சருகு அதை வாங்கிக்கொண்டு, மெதுவாகக் கீழே விடும். இப்போது வெறும் மணலில் அடித்தது. மணல் குடித்த தண்ணீர் பாறையில் முட்டியது. மேலே போக வழியில்லை, கீழேயும் போக வழியில்லை. பக்கவாட்டில் ஓடியது. ஓடும்போது மணலையும் கையோடு இழுத்துக்கொண்டு போனது. பதினோரு குழிகளும் ஒன்றோடொன்று சேர்ந்து வாய்க்காலாகிவிட்டன.

பூவாத்தா இருந்த பைன் மரத்தின் வேர்கள் விலா எலும்பு மாதிரி வெளியே தெரிந்தன. மரம் 'கிறீச்' என்றது. இன்னும் கொஞ்சம் மண் போனால் மரம் சாயும். வேருக்கடியில் ஐந்து குட்டிகள்! ஒவ்வொன்றாகத் தூக்கிக்கொண்டு போகலாம் என்றால், வாசலுக்கு முன்னால் வெள்ளம்.

"ஓடுங்க! எல்லாரும் பாறைமேல ஏறுங்க!" என்று மொக்கையன் முதல் ஆளாக ஓடியது.

பூவாத்தா வேர்மேல் தாவி ஏறியது. "நில்லுங்க!" என்று கத்தியது.

சரிவில் ஓடிக்கொண்டிருந்த எல்லாம் அப்படியே நின்றுவிட்டன. அந்தச் சத்தம் தன் வாயிலிருந்துதான் வந்ததா என்று பூவாத்தாவுக்கே சந்தேகம். ஆனால் சந்தேகப்பட நேரமில்லை.

"சடைச்சி அக்கா, அந்த ஒடிஞ்ச கிளையைச் சரிவுக்குக் குறுக்கே தள்ளுங்க! மொக்கையண்ணே, பள்ளத்துல கிடக்கிற சருகைக் கவ்விட்டு வாங்க! முள்ளண்ணே, நீங்க சருகுல புரளுங்க!"

"புரளவா? எதுக்கு?"

"புரளுங்கண்ணே! கேள்வி எல்லாம் அப்புறம்!"

முள்ளன் பள்ளத்தில் இறங்கிப் புரண்டது. எழுந்தபோது முள் முள்ளாகச் சருகு குத்திக்கொண்டிருந்தது. வைக்கோல்போருக்குக் கால் முளைத்த மாதிரி மேலே ஏறி வந்தது! அந்த மழையிலும் சடைச்சிக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

மொக்கையன் வாய் நிறைய, வாய் நிறையச் சருகு கொண்டுவந்து போட்டது. நாக்கில் ஊசி குத்தியது. முணுமுணுக்காமல் மறுபடி ஓடியது. காட்டுக்கோழிகள் அந்தச் சருகை வேரைச் சுற்றிப் பரப்பின. கிளையில் சருகு சிக்கியது. சருகில் மணல் சிக்கியது. கலங்கி ஓடிய தண்ணீர் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளிந்து ஓடியது. மரம் இன்னொரு முறை 'கிறீச்' என்றது. பிறகு பேசாமல் நின்றது.

சாயவில்லை!

மழை விட்டு வெயில் வந்தது. சேறும் சகதியுமாக மொக்கையன் வந்து பூவாத்தாவின் முன்னால் உட்கார்ந்தது.

"தங்கச்சி, என் பல்லு பதினோரு தரம் சொல்லுச்சு. நான்தான் கேக்கலை."

"உங்க ஊர்ல கூட்டுறது சரிதாண்ணே. அங்கே மண்ணு ஆழம். இங்கே இருக்கிறதே ஒரு சாண்."

"போன மண்ணு திரும்பி வருமா?"

"சருகு விழுந்துக்கிட்டேதானே இருக்கு! பாறையும் உதிர்ந்துக்கிட்டேதான் இருக்கு. நாம கலைக்காம விட்டா மறுபடி சேரும். மெதுவாச் சேரும், ஆனா சேரும்."

"அப்ப எங்களுக்கு வளை தோண்டுறது எப்படின்னு நீயே சொல்லிக்குடு," என்றது முள்ளன். எல்லாம் பூவாத்தாவைச் சுற்றி உட்கார்ந்தன.

பூவாத்தாவுக்குக் கூச்சமாகத்தான் இருந்தது. இருந்தாலும் எல்லாருக்கும் கேட்கிற மாதிரியே பேசியது. "கீழ்நோக்கித் தோண்டவே கூடாது. வேர் எந்தப் பக்கம் படுத்திருக்கோ, அதை ஒட்டியே நாமளும் படுக்கையாப் போகணும். அப்பத்தான் வேரும் அறுபடாது, நம்ம வளையும்—"

"கீச்! கீச்! கீச்!" வளைக்குள்ளிருந்து ஐந்து குட்டிகளும் ஒரே நேரத்தில் கூப்பிட்டன.

"இதோ வந்துட்டேன் கண்ணுங்களா!" என்று பூவாத்தா பேச்சை அந்தரத்தில் விட்டுவிட்டு ஓடியது.

புது இடத்துக்குப் போனவர் அந்த மண்ணைத் தெரிந்துகொள்ளாமல் வேலையில் இறங்கக் கூடாது. அதைத் தெரிந்தவரும் கூச்சப்பட்டு வாயை மூடிக்கொண்டிருக்கக் கூடாது.