செவத்தாயி கேட்ட தண்டனை

முன்னொரு காலத்தில் முள்ளிக்குடிச் சீமையை மழவராயன் என்றொரு ராஜா ஆண்டுவந்தான். நல்லவன்தான், ஆனால் காலையில் போட்ட உத்தரவை மாலையில் மறந்துவிட்டு, மறுநாள் அதைவிடப் பெரிதாக ஒன்று போடுவான். ஏரி தூர்ந்துபோன ஒரு வருஷம், வீட்டுக்கு ஓர் ஆள் மண் சுமக்க வரவேண்டும், வராத வீட்டாரை ஊரைவிட்டே விரட்டுங்கள் என்று பறையறைவித்தான்.

கீழத்தெரு செவத்தாயி வீட்டைத் தவிர எல்லா வீட்டிலிருந்தும் ஆள் வந்தது. அதைச் சபையில் போட்டு உடைத்தவர் பிரதானி தில்லைராயர். வாய்தான் அவருக்குச் சொத்து. மந்திரி நம்பிக்கூத்தரின் ஆசனத்தின்மேல் நெடுநாளாக ஒரு கண்.

"திடமான உடம்பு வேந்தே, பொழுதன்றைக்கும் வீட்டில் சும்மா உட்கார்ந்திருக்கிறாள்" என்றார்.

ராஜா அவளை வரவழைத்துக் காரணம் கேட்டான். செவத்தாயி வாயைத் திறந்தாள், மூடினாள். பேச்சுப் பழக்கமே விட்டுப்போயிருந்தது. அரண்மனை மதில் கட்டும்போது சாரத்திலிருந்து விழுந்த புருஷன் ஆறு வருஷமாய்ப் படுக்கையில் கிடக்கிறான் என்றும், அவனுக்குப் பேச்சில்லை, பெண்டாட்டி தன்னையே அடையாளம் தெரியவில்லை என்றும் மெல்லச் சொன்னாள்.

பக்கத்தில் உட்கார்ந்திருப்பதும் ஒரு வேலையா என்று பிரதானி சிரிக்க, சபையும் சிரித்தது. நாளை முதல் அவள் ஏரியில் மற்றவர்களைப்போல் இரண்டு மடங்கு மண் சுமக்கவேண்டும், அதுதான் தண்டனை, இல்லாவிட்டால் எல்லையைத் தாண்டவேண்டும் என்றான் ராஜா. படுத்துக் கிடக்கும் புருஷனைத் தூக்கிக்கொண்டு அவள் எந்த எல்லையைத் தாண்டுவாள்?

மந்திரி எழுந்தார். "போகட்டும் மகாராஜா. அவள் இடத்தில் பிரதானியார் ஒரு பகல் சும்மா உட்காரட்டும். பொழுது சாயும்வரை உட்கார்ந்துவிட்டால் என் ஆசனம் அவருக்கு. பாதியில் எழுந்து வெளியே வந்தால் இவளுடைய தண்டனையை விலக்கவேண்டும்."

கரும்பு தின்னக் கூலியா? பிரதானி உடனே ஒப்புக்கொண்டார்.

மறுநாள் கஞ்சி புகட்டும் விதமும் புரட்டிப் படுக்கவைக்கும் விதமும் சொல்லிக்கொடுத்துவிட்டு, செவத்தாயி திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே ஏரிக்குப் போனாள். பிரதானி மூக்கைப் பிடித்துக்கொண்டாவது அதையெல்லாம் செய்தார், இல்லையென்று சொல்லக்கூடாது. அப்புறம்தான் சோதனை. ஒரு கதை சொன்னார். படுத்திருந்தவன் விட்டத்தைப் பார்த்தான். புகழ்ந்தார், வைதும் பார்த்தார்; அவன் விட்டத்தையே பார்த்தான். தெருவில் ஈ காக்கை இல்லை. ஏரிப்பக்கமிருந்து பாட்டும் சிரிப்பும் மட்டும் காற்றில் வந்தன.

உச்சிவேளையில் ராஜாவும் மந்திரியும் வந்து வாசலில் நின்றார்கள். உள்ளே பிரதானி கெஞ்சிக்கொண்டிருந்தார். "அப்பா, திட்டினாலும் சரி, ஒரு வார்த்தை சொல்லேன்."

ராஜாவைக் கண்டதும் எழுந்து ஓடிவந்து அவன் கையைப் பிடித்துக்கொண்டார். வெளியே வந்துவிட்டோம் என்பதே அப்புறம்தான் உறைத்தது, தலையைக் குனிந்துகொண்டார். மந்திரி சிரிக்கவில்லை. "இவருக்கு அரைப் பகல், மகாராஜா. அவளுக்கு ஆறு வருஷம்" என்றார்.

அந்திவரை உட்காரும் என்று பிரதானியை உள்ளே அனுப்பிவிட்டு ராஜா ஏரிக்கு நடந்தான். தலையில் மண்கூடையும் முகத்தில் சேறுமாக, பக்கத்தில் வந்தவள் சொன்ன எதற்கோ செவத்தாயி சிரித்துக்கொண்டிருந்தாள்.

"தண்டனையை விலக்கிவிட்டேன். இனி நீ இங்கே வரவேண்டாம்" என்றான், பெரிய உபகாரம் செய்த நினைப்பில்.

அவள் சிரிப்பு நின்றது. கூடையை இறக்காமலே நின்றாள்.

"முழுசா விலக்கிடாதீங்க மகாராசா. எப்பவாச்சும் ஒரு நாள் இந்தத் தண்டனையைக் குடுங்க. இன்னைக்குத்தான் என்னைப் பேர் சொல்லிக் கூப்பிட்டாங்க."

 அன்று போட்ட உத்தரவை மட்டும் ராஜா கடைசிவரை மறக்கவில்லை. வாரம் ஒரு நாள் அந்த வீட்டில் பிரதானி உட்காரவேண்டும்; மாதம் ஒரு முறை ராஜாவே உட்காருவான், அவள் புருஷன் விழுந்தது தன் மதில் வேலையில் அல்லவா?

ராஜாவின் முறை வரும் நாளில், செவத்தாயி வேலை முடிந்து தெருமுனை திரும்பும்போதே அவன் வாசலில் வந்து காத்து நிற்பான். "வந்துவிட்டாயா, செவத்தாயி?" என்று கேட்பான்.