அறுபத்தோரு கட்டைக்கும் பொட்டு

கீழப்பொட்டலில் மாடக்கண்ணு, பேச்சிமுத்து, உலகநாதன் என்று மூன்று அண்ணன் தம்பிகள். மூன்று பேருக்கும் சேர்த்து அரை மூளைதான் என்று ஊரில் பேசுவார்கள். அதெல்லாம் அபாண்டம். அவ்வளவு கிடையாது.

தங்கச்சி பூரணத்துக்குக் கல்யாணம் நிச்சயமானது. அவள் வாய் சும்மா இருக்காமல், "எங்க அண்ணன்மாரே பாட்டுக் கட்டி கீபோர்டுல வாசிப்பாங்க அத்தை" என்று மாமியாரிடம் அளந்துவிட்டாள். "பாக்கத்தானே போறோம்" என்று மாமியார் உதட்டைச் சுழித்தாள். பூரணத்தின் மானம் இனி அண்ணன்மார் கையில்.

டவுனில் ஒரு கீபோர்டு வாங்கி, சொல்லித்தர எபனேசர் மாஸ்டரைப் பிடித்தார்கள்.

"மூணு கட்டையை ஒண்ணா அமுக்கினா ஒரு கார்ட். நாலு கார்ட் தெரிஞ்சா எத்தனையோ பாட்டுக் கட்டலாம்" என்ற மாஸ்டர், கட்டைகள் மேல் ஸ்டிக்கர் பொட்டு ஒட்டிக் கொடுத்தார். "சிவப்பு முதல் கார்ட். அப்புறம் பச்சை, மஞ்சள், நீலம். ஒரு நிறத்துல எத்தனை பொட்டு இருக்கோ அத்தனையும் சேர்ந்து விழணும். ஒண்ணு விடப்படாது."

ஒழுங்காகத்தான் பழகினார்கள். நடுவில் ஆயுத பூஜை வந்து தொலைத்தது. சைக்கிள், அரிவாள்மனை, மிக்சியோடு கீபோர்டையும் ஈரத்துணியால் தேய்த்தார்கள். ஸ்டிக்கர் எல்லாம் போச்சு. பிறகு குங்குமம்.

"ஒரு கட்டைக்கு வச்சிட்டு இன்னொண்ணுக்கு வைக்காம விட்டா அது மனசு என்ன பாடுபடும்?" என்று மாடக்கண்ணு அறுபத்தோரு கட்டைக்கும் வைத்தான்.

மறுநாள் பார்த்தால் அத்தனையும் சிவப்பு.

"அண்ணே, முதல் கார்ட் பெரிசாயிட்டே!"

"பழகப் பழக வளரும்லே."

"நம்மகிட்ட முப்பது விரல்தானே இருக்கு?"

"கால்ல இருக்கிறது என்ன, வெண்டைக்காயா?"

அறுபது ஆச்சு. மிச்சம் ஒரு கட்டை. பத்து நாள் காத்திருந்தும் யாருக்கும் புது விரல் முளைக்கவில்லை.

கல்யாணத்தன்று தாலி கட்டி முடிந்ததும் கீபோர்டை மேடையில் கிடத்தி, கையும் காலும் கொடுத்துத் தவளை மாதிரி குந்தினார்கள்.

"மாப்ளே, ஒரு விரல் போடுங்க."

மாப்பிள்ளை நல்ல மனுஷன். போட்டார். எழும்பிய சத்தத்தில் பந்தியில் பாயச வாளி கவிழ்ந்தது.

"இதுவா பாட்டு?" என்றாள் மாமியார்.

"இது முதல் கார்ட்தான் அத்தை. இன்னும் மூணு இருக்கு!"

பச்சையைத் தேடினார்கள். காணோம். பூரணம் மாஸ்டருக்குப் போன் போட்டு மாடக்கண்ணு காதில் வைத்தாள்.

"மாஸ்டர், முதல் கார்ட் பிடிச்சாச்சு. அடுத்ததைக் காணோம்."

"பதறாதீங்க. அடுத்தது கிடைக்கிற வரைக்கும் விரலை எடுக்காதீங்க."

எடுக்கவில்லை. மாப்பிள்ளையும்தான். மணியோ ஒண்ணு. ஒண்ணரைக்கு ராகு காலம். அதற்குள் பொண்ணு மாப்பிள்ளை கிளம்பியாக வேண்டும்.

பூரணம் மாலையும் கழுத்துமாய் எதிர்க்கடைக்கு ஓடிப் பச்சைப் பொட்டு ஒரு அட்டை வாங்கி வந்தாள். எங்கே ஒட்டுவது? கட்டையெல்லாம் விரல். நின்று யோசித்தாள். மாமியார், மாமனார், நாத்தனார் மூவரையும் வரிசையாக நிறுத்தி ஆளுக்கொரு பொட்டு நெற்றியில் ஒட்டினாள்.

"அப்பாடா, பச்சை கிடைச்சிட்டு!" என்று நாலு பேரும் துள்ளி எழுந்து மூன்று நெற்றியையும் ஒன்றாய் அமுக்கினார்கள்.

மூவரும் ஒரே நேரத்தில் "ஐயோ!" என்றார்கள். சுருதி சேர்ந்தே இருந்தது.

"கேட்டீங்களா?" என்று பூரணம் பெருமையோடு பந்தியைப் பார்த்தாள். "மஞ்சளுக்கு இன்னும் மூணு பேர் வாங்க."