நாலு மூலை மஞ்சள்

“மேடம், எனக்கு எப்போ மைக்கைக் குடுப்பீங்க?”

கேட்டவர் தணிகாசலம். வயது ஐம்பத்து மூன்று. முப்பது வருஷம் ஊர் ஊராக மைக் செட் போட்டவர். அத்தனை வருஷத்தில் மைக்கில் அவர் பேசியது மொத்தமே நாலு வார்த்தை. “ஹலோ, ஒன், டூ, த்ரீ.” அதற்குள் யாராவது வந்து பிடுங்கிக்கொள்வார்கள்.

கேட்கப்பட்டவர் ரெஜினா மேடம். வயது இருபத்தொன்பது. மேடையில் ஏறி அடுத்தவர் மனசில் இருப்பதைச் சொல்கிறவர். மேஜிக் என்று யாராவது சொன்னால் முறைப்பார்.

“கவரெல்லாம் ஒட்டிப் பழகியாச்சா அண்ணே?”

“ஆறு மாசமா பசையை நக்குறேன் மேடம். நாக்கே ஒட்டிக்கிச்சு.”

“அப்புறம் எப்படிப் பேசுறீங்க?”

தணிகாசலம் அடுத்த கவரை எடுத்து நக்கினார்.

அவர் கற்க வந்த ஐட்டத்துக்குப் பெயர் ‘தொட்டுச் சொல்றது’. கூட்டத்திலிருந்து ஐந்து பேரை மேடைக்குக் கூப்பிட வேண்டும். ஆளுக்கு ஒரு வெள்ளைக் கவர். அவரவர் தன் பொருள் ஒன்றை யாருக்கும் காட்டாமல் உள்ளே போட்டு ஒட்டித் தருவார். கவர்களைக் கலைத்துவிடுவார்கள். மேடம் ஒவ்வொன்றாகப் பிரிப்பார். பொருளை உள்ளங்கையில் பொத்துவார். கண்ணை மூடுவார். “இதுக்குச் சொந்தக்காரர்...” என்று இழுப்பார். இழுத்து, இழுத்து, சரியான ஆள் முன்னால் போய் நின்று நீட்டுவார்.

மண்டபமே அலறும்!

ரகசியம் ஒரு பென்சில் புள்ளி. முதல் ஆளுக்குக் கொடுக்கும் கவரில் இடது மேல் மூலை. இரண்டாம் ஆளுக்கு வலது மேல் மூலை. மூன்றுக்கும் நாலுக்கும் கீழ் மூலைகள். ஐந்தாம் ஆளுக்குப் புள்ளியே கிடையாது. அவ்வளவுதான் சமாச்சாரம்.

“புள்ளி வைக்கத் தெரியும். பார்க்கத் தெரியும். பேச வேண்டிய ஏழு வரியும் மனப்பாடம். இன்னும் என்ன மேடம் பாக்கி?”

மேடம் ஒரு ஸ்கூட்டர் சாவியைத் தூக்கி எறிந்தார். தணிகாசலம் பிடித்தார்.

“தொட்டுச் சொல்லுங்க.”

தணிகாசலம் கண்ணை மூடினார். குரலைக் குழைத்தார். “இதுக்குச் சொந்தக்காரர் எல்லாருக்கும் ஓடி ஓடிச் செய்வார். அவருக்குன்னு செய்ய ஒரு ஆள் இல்லை.”

அது ஏழில் முதல் வரி. எந்த ஊரில் சொன்னாலும் குறைந்தது மூன்று பேர் கண்ணைத் துடைப்பார்கள்.

“அது பக்கத்து வீட்டு வண்டி. இரவல் வாங்கிட்டு வந்தேன்,” என்றார் மேடம்.

“அது எனக்கு எப்படி மேடம் தெரியும்?”

“அதான் பாக்கி.”

ஆனாலும் மேடத்துக்கு மனசு இளகிவிட்டது. “நாளைக்குக் காலையில பத்து மணிக்கு ஒரு நிச்சயதார்த்தம். மைக் உங்க கையில. அஞ்சு பொருளும் சரியாப் போய்ச் சேர்ந்தா, ஞாயிற்றுக்கிழமை டவுன் ஹால்ல பாதி நேரம் உங்களுக்கு. ஒண்ணு தப்பினா பழையபடி பசை.”

அன்றைக்கு முழுக்கத் தணிகாசலத்துக்கு அதே நினைப்பு. தெருவில் எதிரே வந்தவர்களை எல்லாம் பார்த்து, “இதுக்குச் சொந்தக்காரர்...” என்று இழுத்தார். ஒருத்தர் பயந்துபோய் எதிர்ப்பக்கம் போய்விட்டார்.

மறுநாள் மண்டபம். பெண் வீடு திருநெல்வேலிப் பக்கம். மாப்பிள்ளை வீடு கோயம்புத்தூர்ப் பக்கம். ஒரு பக்கம் “வே, வே” என்கிறது, மறுபக்கம் “ங்க, ங்க” என்கிறது. நடுவில் நாதஸ்வரம்.

ஐந்து பேர் மேடைக்கு வந்தார்கள். ஐந்து நாற்காலி. ஐந்து கவர். தணிகாசலம் திரும்பி நின்றுகொண்டார். எல்லாரும் போட்டு ஒட்டி முடித்ததும், “யாராவது ஒருத்தர் வாங்கிக் கலைச்சுக் குடுங்க!” என்று கூவினார்.

பெண்ணின் அத்தை கோமதி எழுந்து வந்தார். கவர்களைத் தாம்பாளத்தில் வாங்கினார். போனார். வந்தார். கொஞ்சம் நேரமாயிற்று.

“என்ன அத்தை, இவ்வளவு நேரம்?”

“பின்ன? நல்ல காரியத்துல வெறும் வெள்ளைக் கவரை நீட்டுதீரே, இது என்ன கருமாதி வீடா? அதான் மங்களகரமா இருக்கட்டும்னு...”

தாம்பாளத்தைப் பார்த்தார் தணிகாசலம்.

மஞ்சள்! ஐந்து கவரிலும் நாலு மூலையிலும் கட்டைவிரல் அகலத்துக்கு ஈர மஞ்சள். ஒரு மூலை பாக்கியில்லை. அத்தை பெருமையாகச் சிரித்தார். கூட்டத்தில் பெரியவர்கள் தலையாட்டினார்கள்.

புள்ளி? போயே போச்சு.

தணிகாசலம் மைக்கை வாயருகே கொண்டுபோனார். வாய் தானாகச் சொன்னது. “ஹலோ, ஒன், டூ, த்ரீ.”

மண்டபம் சிரித்தது. அவர் மூன்றாம் வரிசையில் இருந்த மேடத்தைப் பார்த்தார். கவரின் மூலைகளை ஒவ்வொன்றாகத் தட்டிக் காட்டினார். கண்ணால் கெஞ்சினார்.

மேடம் கேசரி சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அதிலிருந்து ஒரு முந்திரியை எடுத்தார். திருப்பித் திருப்பிப் பார்த்தார். வாயில் போட்டுக்கொண்டார்.

முதல் கவரைக் கிழித்தார் தணிகாசலம். மூக்குப்பொடி டப்பா.

ஆகா! ஐந்து பேரில் பெரிய மீசை ஒருவருக்குத்தான். பெண்ணின் பெரியப்பா சுடலைமுத்து. மீசைக்காரர்தானே பொடி போடுவார்? தணிகாசலம் அவரை நோக்கி ரெண்டு அடி வைத்தார்.

மூன்றாவது அடி வைக்கவில்லை.

சுடலைமுத்து கையைக் கட்டிக்கொண்டு கல்லு மாதிரி இருந்தார். அவருக்கு அடுத்த நாற்காலியில் மாப்பிள்ளையின் பெரியம்மா நாச்சம்மாள். கொசுவம் கலையாத பட்டுச் சேலை, காதில் வைரத்தோடு. டப்பாவைப் பார்த்ததும் அவர் கை தானாக இடுப்புச் செருகலுக்குப் போனது. அங்கே ஒன்றும் இல்லை. கை திரும்பி வந்தது.

தணிகாசலம் அப்படியே திரும்பினார். “இதுக்குச் சொந்தக்காரர்...”

“மெதுவாச் சொல்லு சாமீ! மருமவ இருக்கறா!”

அது மைக்கில் தெளிவாகக் கேட்டது. மண்டபம் பிய்த்துக்கொண்டது!

தணிகாசலத்துக்கு உடம்பெல்லாம் குறுகுறுத்தது. கை போகுது! பொருள் எங்கே இருந்ததோ அங்கே கை போகுது! இத்தனை நாள் கவர் மூலையையே பார்த்துக்கொண்டிருந்தோமே!

இரண்டாவது கவர். குட்டிச் சீப்பு. தூக்கிக் காட்டினார். கட்டியிருந்த கை அவிழ்ந்து மீசைக்குப் போனது. “பெரியப்பா, பிடிங்க!”

“யோவ், எப்படிவே கண்டுபிடிச்சீரு?”

மூன்றாவது. புல்லட் வண்டிச் சாவி. பையன்கள் எல்லாரும் நிமிர்ந்தார்கள். நாற்காலியில் இருந்த கல்லூரிப் பெண் தர்ஷினியின் வலது கை மட்டும் லேசாக முறுக்கியது, ஆக்ஸிலேட்டரை முறுக்குவது போல. “பாப்பா, மெதுவா ஓட்டு!” விசில்!

நாலாவது. ஒரே ஒரு ஊக்கு. மாப்பிள்ளையின் தம்பி ரெண்டு கையாலும் வேட்டியை இறுக்கிப் பிடித்திருந்தான்.

“சீக்கிரம் குடுங்ணா, மானம் போகுதுங்!”

கொடுத்தார். வாழ்நாளில் இவ்வளவு வேகமாக யாருக்கும் எதையும் கொடுத்ததில்லை.

ஐந்தாவது கவரை எடுக்கும்போதே, “நில்லும்வே,” என்று ஒரு குரல்.

கடைசி நாற்காலி. கணக்கு வாத்தியார் திருமலைச்சாமி. ரிட்டயர் ஆகிப் பத்து வருஷம். சிரித்தால் மார்க்கைக் குறைப்பார் என்று பெயர். அந்த மண்டபத்தில் பாதிப் பேர் அவரிடம் குட்டு வாங்கியவர்கள்.

“அஞ்சுல நாலு போனா மிச்சம் ஒண்ணு. இதுக்கு எதுக்கு ஞானதிருஷ்டி? அது என்னோடது. யாரோடதுன்னு நீர் சொல்ல வேண்டாம். அது என்னதுன்னு சொல்லும்.”

கைக்குட்டையில் சுற்றியிருந்தது. தணிகாசலம் பிரித்தார். உள்ளே இருந்தது உருண்டு மைக்கில் பட்டது.

ஜல்.

ஒரே ஒரு சலங்கை மணி.

“வாத்தியாரா? சலங்கையா?” என்று பின்வரிசை கிசுகிசுத்தது. முன்வரிசையில் வாத்தியாரின் மனைவி அன்னம் மெல்ல எழுந்து நின்றார்.

“என்னங்க அது? யாரு சலங்கை?”

“இருடி. வித்தைக்காரர் சொல்லட்டும்.”

தணிகாசலம் கண்ணை மூடினார். “இதுக்குச் சொந்தக்காரர் எல்லாருக்கும் ஓடி ஓடிச் செய்வார். அவருக்குன்னு...”

“அது எங்க வீட்டு எருமைக்கும் பொருந்தும். அடுத்தது?”

“வெளியே கண்டிப்பு. உள்ளே...”

“இளநீரா? வேற?”

ஏழு வரியும் ஏழு வினாடியில் செத்தன. தணிகாசலம் கண்ணைத் திறந்தார். வாத்தியாரின் கையைப் பார்த்தார். கை எங்கேயும் போகவில்லை. மடியில் கிடந்தது.

கால்!

நாற்காலிக்கு அடியில், செருப்பைக் கழற்றிவிட்டு, வலது கால் தட்டிக்கொண்டிருந்தது. தன் கால் தட்டுவது வாத்தியாருக்கே தெரியாது.

தணிகாசலத்துக்கு டவுன் ஹால் மறந்துபோனது. பசை மறந்துபோனது. முன்னால் இருக்கும் இந்த மனுஷன், இந்தக் கால், இந்த மணி. தெரிந்தே ஆக வேண்டும்!

“எனக்குத் தெரியலை சார். நீங்களே சொல்லுங்களேன்.”

சொல்லிக்கொண்டே கையை நீட்டினார். அந்தக் கையில்தான் மைக் இருந்தது.

வாத்தியார் வாங்கினார். தொண்டையைச் செருமினார்.

“எழுபத்தெட்டாம் வருஷம். பங்குனி உத்திரம். எங்க ஊருக்கு வந்த கரகாட்டக் குழுவுல ராஜா வேஷம் கட்டுறவனுக்குக் காய்ச்சல். நான் அப்போ பி.எஸ்ஸி. கணக்கு, மூணாவது வருஷம்...”

“நீங்களா?” என்றார் அன்னம்.

“நானேதான். கட்டினேன். ஆடினேன். விடிய விடிய ஆடினேன்வே! ஒவ்வொரு அடிக்கும் கணக்கு இருக்கு, அது எனக்குத் தண்ணிபட்ட பாடு!”

விசில் பறந்தது. சுடலைமுத்து நாற்காலி மேலேயே ஏறிவிட்டார். “சார், எங்களை அந்தக் குட்டு குட்டினீரே சார்!”

“எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையே!” அன்னத்துக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன.

“நீ கேட்டியா? முழுசையும் கேளு. ஆடி முடிச்சு, கிரீடத்தைக் கழட்டாம அப்படியே திரும்புதேன். கூட்டத்துல முன்னால நிக்கிறது யாரு? எங்க அப்பா.”

வாத்தியார் தண்ணீர் கேட்டார். யாரோ ஒரு சொம்புத் தண்ணீரை நீட்ட, குடிக்க ஆரம்பித்தார்.

அந்த இடைவெளியில்தான் தணிகாசலம் தன் கையைப் பார்த்தார். வெறுங்கை. மேடையிலிருந்து குதித்து மூன்றாம் வரிசைக்கு ஓடினார்.

“மேடம்! புள்ளி எல்லாம் மஞ்சள்ல போச்சு. அஞ்சாவதை நான் சொல்லவே இல்லை. மைக்கும் போச்சு. அவர் திருப்பித் தர்ற மாதிரியே தெரியலை!”

மேடம் கேசரித் தட்டைக் கீழே வைத்தார். எழுந்து நின்றார்.

“ஞாயிற்றுக்கிழமை டவுன் ஹால் உங்களுக்குத்தான் அண்ணே. பாதி நேரம் இல்லை, முழு...”

“மேடம், கொஞ்சம் சும்மா இருங்க! அவங்க அப்பா என்ன சொன்னார்னு சொல்லப் போறார்!”