பூஜ்யத்தின் மேல் உட்கார்ந்த மூன்று

ஓர் ஊரில் ஓர் ஆரம்பப் பள்ளி இருந்தது. அங்கே ஒன்றாம் வகுப்புச் சுவரில் ஒரு மரச்சட்டம். காலையில் வந்திருக்கும் பிள்ளைகளை எண்ணி, அந்த எண்ணை அட்டைகளால் அதில் வைக்க வேண்டும். சத்துணவு சமைக்கும் தங்கபுஷ்பம் அக்கா ஜன்னல் வழியே அதைப் பார்த்து, அத்தனை முட்டை அவிப்பாள்.

அந்த வாரம் எண்ணும் முறை ஜெபஷீலாவுடையது. இருபத்து மூன்று பேர். 20 என்ற நீள அட்டையை வைத்தாள். பக்கத்தில் 3 என்ற குட்டி அட்டையை வைத்தாள்.

ஜன்னலில் அக்காவின் சிரிப்புச் சத்தம். “ஏட்டி, இருநூத்தி மூணா? ஊரையே சாப்பிடக் கூப்பிட்டிருக்கியா?”

டீச்சர் வந்தார். மூன்றை எடுத்துப் பூஜ்யத்தின் மேல் வைத்தார். “இருபதும் உள்ளதான் இருக்கு, மூணும் இருக்கு. இப்பப் படி.”

“இருபத்தி மூணு.”

பூஜ்யத்துக்கு இருட்டிவிட்டது.

“எந்திரி. இது என் இடம்,” என்றது.

“பக்கத்துல உட்கார்ந்தேனே, சிரிச்சாங்களே. நான் வேற எங்க போக?” என்றது மூன்று.

இரண்டு மெல்லச் சொன்னது: “கொஞ்சம் பொறுத்துக்கோ. நீ அடியில இருக்கதாலதான் நான் இருபது. இல்லாட்டி வெறும் ரெண்டு.”

“அது உனக்குத் தெரியும். பாக்குறவங்களுக்குத் தெரியுமா?”

காற்று வீசியது. பூஜ்யம் உடம்பை ஓர் உலுக்கு உலுக்கியது. மூன்று கழன்று பெஞ்சுக்கு அடியில் போய் விழுந்தது.

முட்டை எடுக்கப் போகும் முன் அக்கா மறுபடி எட்டிப் பார்த்தாள். “இருபது,” என்று முணுமுணுத்தபடி போனாள். பூஜ்யத்துக்கு மனசு குளிர்ந்தது.

மதியம் வராந்தாவில் வரிசை. இருபது தட்டில் முட்டை விழுந்தது. பாத்திரம் காலி. இன்னும் மூன்று பேர் நின்றார்கள். கடைசியில் இசக்கி, வகுப்பிலேயே சின்னவன். பாத்திரத்துக்குள் எட்டிப் பார்த்தான்.

“எனக்கு முட்டை பிடிக்காதுக்கா,” என்றான்.

நேற்று மஞ்சள் கரு ஒட்டிய விரல்களை வெகுநேரம் நக்கிக்கொண்டிருந்தவன் அவன்.

“நான் சரியாத்தான்க்கா எண்ணினேன்,” என்று ஜெபஷீலா அழுதாள். அவள் தட்டிலும் முட்டை இல்லை.

பூஜ்யம் எல்லோருக்கும் தெரியும்படி இருந்தது. அதனால் அதற்கும் எல்லாம் தெரிந்தது.

மறுநாளும் இருபத்து மூன்று பேர். ஜெபஷீலா இரண்டு தரம் எண்ணிவிட்டு மூன்றைத் தூக்கினாள்.

“மெதுவா வா,” என்றது பூஜ்யம். “ஓரம் ஒட்டி உட்காரு. காத்தடிச்சா என்னை இறுக்கிப் பிடிச்சுக்கோ.”

மதியம் இசக்கி தன் முட்டையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு போனான்.

அன்று பூஜ்யத்தை யாருமே பார்க்கவில்லை.